ஆற்றில் போட்டு, குளத்தில் எடுத்து

"எண்ணெய் கசியுது"

அவ்வளவுதான் அந்த வரி. கார்த்திகை தீபம் முடிந்து நாலாம் நாள் ராத்திரி, கும்பகோணத்தில் யாரோ ஒருவர் கைப்பேசியில் தட்டியது. கோபமாகத் தட்டினாரா, கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு தட்டினாரா, தெரியாது. நாங்கள் அனுப்பிய பீங்கான் விளக்கின் அடியில், சாமி அலமாரிப் பலகையில், வட்டமாக எண்ணெய் ஊறியிருந்திருக்கிறது. அந்த வட்டம் ஒரு வரியாக மாறி விருத்தாசலம் வந்து, ஒரு சூளை வரைக்கும் போய், திரும்பக் கும்பகோணம் போய்ச் சேர்ந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். நடுவழியில் அது தங்கிய வீட்டைக் கட்டியவன் என்கிற உரிமையில்.

விருத்தாசலம் என்றால் ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு ஜங்ஷன். கோயிலுக்கு வருகிறவர்களுக்குப் பழமலைநாதர். கதை படிக்கிறவர்களுக்குப் புதுமைப்பித்தனின் சொந்தப் பெயர். ஊர்க்காரர்களான எங்களுக்குப் பீங்கான். செராமிக்குக்கென்றே ஒரு தொழிற்பேட்டையும், அதைப் பாடமாகச் சொல்லித்தர ஓர் அரசுப் பயிலகமும் இங்கே உண்டு. பக்கத்து நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண் கிடக்கிறது. பழைய வீட்டு மின்பெட்டியில் வெள்ளையாக இருக்குமே, அந்த ஃபியூஸ் கட்டை, கொலு பொம்மை, கார்த்திகை அகல். தமிழ்நாட்டில் எங்கோ ஒரு வீட்டில் இவற்றில் ஒன்றைத் தொட்டிருப்பீர்கள். தொட்டது எங்கள் ஊர்ச் சரக்காகவும் இருந்திருக்கலாம்.

உறவுமுறையில் எனக்கு அண்ணனான ஒருவர் இங்கே விளக்குப் பட்டறை வைத்திருக்கிறார். ஒருநாள் கேட்டார்: "தம்பி, வாங்குறவங்க என்ன சொல்றாங்கன்னு ஃபோன்ல கேக்குறேன். சூளையாண்ட போனதும் மறந்துபோவுது. அவங்களே எழுதி வெச்சிட்டுப் போற மாதிரி எதுனா பண்ணிக் குடேன்." நான் பிழைப்புக்குப் பிஎச்பி என்கிற கணினி மொழியில் நிரல் எழுதுகிறவன். ரெண்டு நாள் வேலை என்று நினைத்து ஒத்துக்கொண்டேன்.

பிஎச்பி பிறந்ததே இந்த மாதிரி வேலைக்குத்தான். கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர், தன்னைப் பற்றிய குறிப்பை இணையத்தில் போட்டுவிட்டு, அதை யார் வந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள 1994-ல் எழுதிய சின்னச் சின்ன நிரல்கள் அவை. 1995 ஜூன் 8-ஆம் தேதி எல்லோருக்கும் பொதுவாக அவிழ்த்துவிட்டார். டேட்டாபேஸோடு பேச அது கற்றுக்கொண்டதும் மக்கள் முதலில் கட்டியவற்றில் ஒன்று விருந்தினர் பதிவேடு. திருமண மண்டப வாசலில் நோட்டு வைத்து, வருகிறவர்களை எழுதச் சொல்வோமே, அதே சங்கதி. அண்ணன் கேட்டதும் அதே நோட்டுத்தான். அந்த நோட்டு எப்படி ஒரு வழக்கு மன்றமாக மாறியது என்பது கொஞ்சம் பின்னால் வருகிறது.

கும்பகோணத்து வரி கிளம்பட்டும்.

"எண்ணெய் கசியுது" என்பதில் நம் கணக்குக்கு எட்டு எழுத்து. எ, ண், ணெ, ய். க, சி, யு, து. பள்ளிக்கூடப் பிள்ளை விரல்விட்டு எண்ணிவிடும். கணினி அப்படி எண்ணுவதில்லை. புள்ளியை ஓர் உருவாகவும் கொம்பை ஓர் உருவாகவும் தனித்தனியே கணக்கெடுக்கிறது. இடைவெளியையும் சேர்த்துப் பதினைந்து. ஒவ்வொரு தமிழ் உருவுக்கும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட், இடைவெளிக்கு ஒன்று. ஆக 43 பைட். "அனுப்பு" பட்டனைத் தொட்டதும் பிரவுசர் ஒவ்வொரு தமிழ் பைட்டையும் ஒரு சதவீதக் குறி, அதன் பின்னால் இரண்டு உரு என்று பொட்டலம் கட்டுகிறது. இப்போது 127 உரு. எட்டு எழுத்தாகப் புறப்பட்ட வரி 127 மூட்டையாகி, பூட்டிய உறைக்குள் மும்பையில் இருக்கும் சர்வருக்குப் போகிறது. இதற்குள் ஒரு கண் இமைப்புகூட ஆகியிருக்காது.

இந்தக் கணக்கைத் தெரியாமல் கோட் எழுதினால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊர்ப் பெயரே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. "விருத்தாசலம்" ஏழு எழுத்து, உருக்கள் பன்னிரண்டு, பைட் 36. பிஎச்பியிடம் நீளம் கேட்டால், எந்த ஃபங்ஷனைக் கூப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லும். நீளமான குறைகளை முகப்பில் பத்து பைட்டோடு வெட்டிக் காட்டலாம் என்று ஆரம்பத்தில் ஒரு சோதனை செய்தேன். "விர" என்று வந்து, அதன் பக்கத்தில் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி உட்கார்ந்திருந்தது. ரு-வின் உகரத்தை நடுவே அறுத்திருக்கிறேன். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஊரையே ஒடச்சிட்டியேடா" என்றார்.

தேடலிலும் இந்த ஊர் சும்மா விடாது. விருத்தாசலம், விருத்தாச்சலம், விருதாச்சலம்; பஸ்ஸில் ஒன்று, கல்யாணப் பத்திரிகையில் ஒன்று. முகவரியில் எப்படியும் வரும். அவை எல்லாம் ஒரே ஊர் என்று சொல்லித்தர ஒரு தனி டேபிள் போட வேண்டியிருந்தது. அதைவிட மாயமானது "கொ". சில விசைப்பலகைகள் அதை க, ஒகரக்குறி என்று இரண்டு உருவாக அனுப்புகின்றன. சில, க, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாக. கண்ணுக்கு இம்மியளவும் வித்தியாசம் கிடையாது. பைட் பைட்டாக ஒப்பிட்டால் இரண்டும் வேறு வேறு. உள்ளே விடும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர பிஎச்பியில் நார்மலைசர் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு வரி கோட். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. எங்கள் பக்கத்துச் சாமி பெயரான கொளஞ்சியப்பர் என்று தேடினால் பாதிப் பேர் கிடைக்கவில்லை என்று அண்ணன் சொன்ன பிறகுதான்.

வரி சர்வர் வாசலுக்கு வந்துவிட்டது. அங்கே பிஎச்பி விழிக்கிறது. விழிக்கிறது என்பதுகூடச் சரியில்லை, பிறக்கிறது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் நிரல் புதிதாகத் தொடங்கும், பதில் சொல்லி முடித்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஒரு நொடி முன்னால் யார் வந்து போனார் என்று அதற்கு ஞாபகமே இருக்காது. அதனால்தான் ஞாபகத்தை வேறு ஓர் இடத்தில் வைக்க வேண்டியிருக்கிறது. அந்த இடம் எங்களுக்கு மைஎஸ்கியூஎல்.

இதன் பெயரில் முதலில் வரும் "மை" ஒரு பெண் குழந்தையின் பெயர். பின்லாந்துக்காரர் மைக்கேல் விடேனியஸ், ஸ்வீடனைச் சேர்ந்த இருவரோடு சேர்ந்து 1995-ல் கொண்டுவந்த டேட்டாபேஸுக்கு மூத்த மகள் பெயரை வைத்தார். நிறுவனம் கைமாறி 2008-ல் நூறு கோடி டாலருக்கு சன் கம்பெனிக்கும், பிறகு 2010-ல் ஆரக்கிளுக்கும் போனது. அவர் வெளியே வந்து தொடங்கிய கிளை வடிவத்துக்கு இளைய மகள் மரியாவின் பெயர். பொருளுக்குப் பெண்ணின் பெயரை வைக்கிற பழக்கம் நம் பட்டறைக்காரர்களிடமும் உண்டு. எங்கள் அண்ணனின் பட்டறைப் பெயரும் அவர் மகள் பெயர்தான்.

ஸ்வீடன் தொடர்பு எங்களை ஒருமுறை நன்றாக அடித்திருக்கிறது. பல வருடங்கள் மைஎஸ்கியூஎல், ஒன்றும் சொல்லாவிட்டால், எழுத்துகளை மேற்கு ஐரோப்பிய லத்தீன்-1 முறையில் சேமித்து ஸ்வீடிஷ் அகராதி வரிசையில் அடுக்கும். விருத்தாசலத்து விளக்கு வாங்குகிறவர்களின் பெயர்ப் பட்டியல் ஸ்வீடிஷ் அகர வரிசையில்! இந்த இயல்பிருப்பு மாறியது 2018-ல், 8.0 பதிப்பில். நாங்கள் அதற்குச் சில வருடம் முன்பே தொடங்கிவிட்டோம். டேபிளைத் தொடங்கும்போது எழுத்துமுறையை நான் சொல்லவில்லை. முதல் வாரம் வந்த குறைகளைப் பார்க்க அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் திறந்தேன். ஏழு கேள்விக்குறி, ஓர் இடைவெளி, மறுபடி ஏழு கேள்விக்குறி. திரை முழுவதும் அப்படியே. தமிழ் உருவுக்கு அங்கே இடமில்லை என்பதால் ஒவ்வொன்றையும் தூக்கிப்போட்டுவிட்டு அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை நட்டிருக்கிறது. எழுத்து கோணல்மாணலாகத் தெரிந்தால் திருப்பி எடுத்துவிடலாம். கேள்விக்குறியாக விழுந்துவிட்டால் போனது போனதுதான். அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "எல்லாரும் கேள்வியாவே கேட்டிருக்காங்க போல." இன்றைக்கும் ஒரு டேபிள் தொடங்கும்போது என் கை முதலில் தட்டுவது, தமிழுக்கும் இடம் தரும் எழுத்துமுறையான யூடிஎஃப்8எம்பி4 என்கிற சொல்லைத்தான். மற்றதெல்லாம் அப்புறம்.

பிஎச்பியிலிருந்து டேட்டாபேஸுக்குள் போகும் வாசல்படிதான் வழியிலேயே ஆபத்தானது. அங்கே என்ன நடக்கிறது என்று அண்ணனுக்குச் சொல்லப்போய், அவருடைய பட்டறையிலேயே அதற்கு உவமை கிடைத்தது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் கூழ் மாதிரி கரைத்த களிமண்ணை ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சுவரோரம் மண் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்து ஊற்றிவிட்டால் உள்ளே கூடான விளக்கோ பொம்மையோ நிற்கும். கூழ் எந்த மண்ணானாலும் வடிவத்தைத் தீர்மானிப்பது அச்சு. ஊற்றுகிற கூழ் அச்சையே மாற்றிவிட்டால்?

என் முதல் கோடில் அதுதான் நடந்தது. "இந்தப் பெயரை டேபிளில் சேர்" என்கிற கட்டளையையும் வாடிக்கையாளர் தட்டிய பெயரையும் ஒரே சரமாக ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன். தூத்துக்குடியிலிருந்து ஒரு டி'சில்வா விளக்கு கேட்டார். அவர் பெயரின் நடுவில் இருக்கும் ஒற்றை மேற்கோள் குறியைப் பார்த்த டேட்டாபேஸ், பெயர் அங்கேயே முடிந்துவிட்டது, மீதி கட்டளை என்று புரிந்துகொண்டு, அது புரியாத கட்டளை என்று முரண்டு பிடித்தது. பாவம், அவர் தன் பெயரைத்தான் எழுதினார். அதே இடத்தில் விவரமான விஷமி ஒருவன் வந்திருந்தால், மேற்கோள் குறிக்குப் பின்னால் கட்டளையின் போக்கையே மாற்றும் ஒரு துண்டை எழுதியிருப்பான், நான் கட்டிய நிரல் அதைப் பணிவாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கும். இப்போது அச்சு முதலில் போகிறது, காலி இடங்களோடு. கூழ் தனியாகப் பின்னால் போகிறது. பெயருக்கான குழியில் என்ன ஊற்றினாலும் அது பெயராகத்தான் காயும். பிஎச்பியில் பிடிஓ என்கிற வசதி வழியாக இதைச் செய்வது பழைய முறையைவிட ரெண்டே வரி அதிகம். பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்களை 2015-ல் வந்த பிஎச்பி 7 அடியோடு தூக்கிவிட்டது. நல்ல காரியம். சோம்பேறிகளைத் திருத்த வேறு வழியில்லை. நானும் அந்தச் சோம்பேறிகளில் ஒருவன்.

அச்சில் ஊற்றியாகிவிட்டது. இனி வரி நிலைக்க வேண்டும். மளிகைக் கடையில் கணக்கு எழுதிய தாத்தாவைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கூட்ட நேரத்தில் அவர் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார். வந்தது வந்த வரிசையில் சிட்டாவில் ஒரு கிறுக்கு. சாயங்காலம் கடை ஓய்ந்ததும் சிட்டாவைப் பார்த்து அவரவர் கணக்கில் பேரேட்டில் பதிவார். மைஎஸ்கியூஎல்லின் உள்ளே இருக்கும் இன்னோடிபி இதையேதான் செய்கிறது. கும்பகோணத்து வரி முதலில் சிட்டாவில் ஏறி, அந்தச் சிட்டா வட்டில் உறுதியாக எழுதப்பட்ட பிறகுதான் "பதிவாகிவிட்டது" என்ற சொல் வெளியே வரும். பேரேட்டுப் பக்கம், ஒவ்வொன்றும் 16 கிலோபைட், நினைவகத்தில் திருத்தப்பட்டு அவகாசம் கிடைக்கும்போது வட்டுக்குப் போகும். நடுவில் மின்சாரம் போனால் கவலையில்லை. எழுந்ததும் சிட்டாவைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து பதிந்துகொள்ளும்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குச் சுந்தரர் ஞாபகம் வந்துவிடும். பெரியபுராணம் சொல்லும் கதை. எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குச் சோற்றோடு ஊட்டுவது. திருமுதுகுன்றம், அதாவது இந்த விருத்தாசலத்தில், சுந்தரருக்குப் பன்னீராயிரம் பொன் கிடைத்தது. அதை வழியில் சுமக்க வேண்டாம், மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள் என்று சிவன் சொன்னார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிற கதை என்று நாம் கிண்டலுக்குச் சொல்வது இதைத்தான். ஆனால் சுந்தரர் ஏமாளி இல்லை. போடும் முன் மச்சம் என்று ஒரு துண்டைப் பொன்னிலிருந்து வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். திருவாரூரில் எடுத்த பொன்னை அதோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடி பாடித்தான் சரியான மாற்றைப் பெற்றார். அங்கே இன்றும் மாற்றுரைத்த பிள்ளையார் இருக்கிறார். இன்னோடிபியின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மச்சம் உண்டு. பக்கத்தின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஓர் எண். வட்டிலிருந்து திரும்ப எடுக்கும்போது மறுபடி கணக்கிட்டு அதோடு உரைத்துப் பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் பக்கம் கெட்டுவிட்டது என்று சத்தம் போடும். ஆற்றில் போடுவதைவிடக் குளத்தில் எடுப்பதுதான் இந்தத் தொழில்.

கும்பகோணத்து வரிக்கு இப்போது ஓர் எண் கிடைத்தது: 214.

அங்கே சிக்னல் சரியில்லை போலிருக்கிறது. "அனுப்பு" பட்டனை மூன்று தரம் தட்டியிருக்கிறார். பழைய நாளாக இருந்தால் ஒரே விளக்கு மூன்று தரம் கசிந்திருக்கும். இப்போது படிவத்தைத் திறக்கும்போதே ஒரு தடவைக்கு மட்டும் செல்லும் சீட்டு ஒன்று உள்ளே ஒளிந்து போகிறது. அதே சீட்டோடு இரண்டாவது வரி வந்தால் டேபிள் ஏற்றுக்கொள்ளாது. பதிவானதும் வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்பிவிடுவதால், பக்கத்தைப் புதுப்பித்தாலும் மறுபடி போகாது.

வெளியே காட்டும்போதும் ஒரு காவல் வேண்டும். உள்ளே வந்த எழுத்தை அப்படியே திரையில் கொட்டினால், யாராவது கோணக் குறிகளுக்குள் நிரலை ஒளித்து எழுதியிருந்தால் அது அடுத்தவர் கைப்பேசியில் ஓடும். வெளியே போகிற வழியில் அந்தக் குறிகளை வெறும் எழுத்தாக்கிவிட வேண்டும். இதை விளக்க அதிகமில்லை. மறக்காமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, வரி போனது, தங்கியது, பத்திரமாகத் திரும்பத் திரையில் வந்தது. வேலை முடிந்தது என்று நினைத்து அண்ணனிடம் காட்டினேன். 214 வரிகளும் வரிசையாக இருந்தன. அவர் கீழே வரைக்கும் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இதுல எது முடிஞ்சிது, எது முடியல?"

"அது தெரியாதுண்ணே. எழுதி வைக்கத்தானே சொன்னீங்க?"

"எழுதி வெச்சா ஆச்சா? கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டுறோம். கட்டிட்டு அப்டியே விட்டுர்றமா?"

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரை ஒட்டிய மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. முருகன்தான்; ஆனால் உருவம் இல்லை, பலிபீட வடிவம். அங்கே வேண்டுதல் என்பது வெறும் கும்பிடு இல்லை, வழக்கு. நகை திருட்டுப் போனது, கடன் வாங்கியவன் தரவில்லை, புருஷன் குடிக்கிறான், பிள்ளைக்கு வேலை இல்லை. எதுவானாலும் வெள்ளைத் தாளில் இன்ன ஊர், இன்னார் என்று எழுதி, கட்டணம் கட்டி, சாமி முன் வைத்துப் பூசை செய்து, பிறகு அங்கேயே முனியப்பர் சந்நிதியில் கொண்டுபோய்க் கட்டிவிட வேண்டும். கட்டணத்தில் ஒரு வேடிக்கை: உங்கள் ஊர் கோயிலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் கணக்கில் வரும். சாமி விசாரிக்கப் போய்வர வேண்டாமா? மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்; இதற்குள் தீர்ப்பு வரும் என்பது நம்பிக்கை. தீர்ந்ததும் கட்டியவர் மறுபடி வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். வாங்காமல் விடுவது தப்பு.

பிராது என்கிற சொல்லே கச்சேரியிலிருந்து வந்தது. வக்கீல், முன்சீப், ஜப்தி என்று நவாப் காலத்திலும் கும்பினிக் காலத்திலும் நமக்கு வந்த சொற்களோடு வந்து, கச்சேரியில் மனுவாக மாறிய பிறகும் கோயிலில் நிலைத்துவிட்டது. நான் அன்றைக்கு வரைக்கும் அதைப் பக்தியாக மட்டும் பார்த்திருந்தேன். அண்ணன் கேட்ட பிறகு ஒரு டேபிளாகப் பார்த்தேன். யார், எந்த ஊர், என்ன குறை, எந்தத் தேதி: இந்த நாலும் என்னிடமும் இருந்தன. என்னிடம் இல்லாதவை மூன்று. கெடு, நிலை, வாபஸ். கெடு இல்லாததால் பதில் சொல்லியாக வேண்டும் என்கிற கட்டாயம் யாருக்கும் இல்லை. நிலை இல்லாததால் எது பாக்கி என்று தெரியவில்லை. வாபஸ்தான் ரொம்ப நுட்பமானது: குறையை முடிக்கிற அதிகாரம் குறை சொன்னவர் கையில் இருக்கிறது. பூசாரி "தீர்ந்தது" என்று எழுதிக் கோப்பை மூட முடியாது. எத்தனையோ இடங்களில் நாம் கொடுத்த மனு "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று தானாகவே முடிந்துபோவதைப் பார்த்திருக்கிறோம். அங்கெல்லாம் டேபிளை வடிவமைத்தவர்கள் ஒருதரம் மணவாளநல்லூர் வந்துபோகலாம்.

டேபிளில் மூன்று நெடுவரிசைகளைச் சேர்த்தேன். தினமும் காலை ஆறு மணிக்கு ஓடும் ஒரு சின்ன நிரல் பாக்கியை எடுக்கும். மூன்று நாள் தாண்டியது பெட்டி கட்டும் அக்காவின் கைப்பேசிக்குப் போகும். மூன்று வாரம் தாண்டியது அண்ணனுக்கு. மூன்று மாதம் தாண்டினால் பட்டறைக் கணினியைத் திறந்ததும் சிவப்பாக முதலில் வந்து நிற்கும், அதைத் தாண்டி வேறு எதையும் பார்க்க முடியாது. பதில் எழுதியதும் வாடிக்கையாளருக்கு ஒரு குறுஞ்செய்தி. அதில் யாரும் ஊகிக்க முடியாத நீளமான ஒரு சுட்டி. அதைத் தொட்டால் "வாபஸ்" என்று ஒரே ஒரு பட்டன். நாங்கள் அதைத் தொட முடியாது. தொட வழி வைத்தால் என்றைக்காவது தொட்டுவிடுவோம் என்று அண்ணனே வேண்டாமென்றார்.

214 இரண்டாவது கெடுவைத் தாண்டி அண்ணனிடம் வந்தது. அதற்குள் "கசிவு" என்கிற சாயலில் இன்னும் எட்டு வரி சேர்ந்திருந்தன. புது விளக்கு அனுப்பி முடித்துவிடலாம்தான். அவருக்கு மனசு ஒப்பவில்லை. எந்தச் சூளையில் சுட்டது என்று தெரிய வேண்டும் என்றார். அது டேபிளில் இல்லை. அவருடைய பாக்கெட் நோட்டில் இருந்தது, சூளை மூட்டிய தேதியும் எந்தப் பெட்டி எப்போது போனது என்பதும். இரண்டு ராத்திரி உட்கார்ந்து நோட்டைப் பார்த்துத் தட்டினேன். குறையை ஆர்டரோடும், ஆர்டரைச் சூளையோடும் சேர்த்து ஒரு கேள்வி கேட்டேன். ஒன்பது வரியும் ஒரே சூளையில் போய் முட்டின.

அந்தச் சூளையில் மிஞ்சிய விளக்கு ஒன்று அலமாரியில் இருந்தது. பார்வைக்குப் பளபளவென்று, குறையே தெரியாது. அண்ணன் சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்து, கழற்றி, மையை விளக்கின் உள்ளே சொட்டினார். துணியால் தேய்த்துவிட்டு அப்படியே ஒரு நிமிஷம் வைத்தார். பிறகு ஈரத் துணியால் துடைத்தார். மை போய்விட்டது, ஆனால் சிலந்தி வலை மாதிரி நீலக் கோடுகள் நின்றன. மேலே இருக்கும் கிளேஸ் முழுவதும் மயிரிழை விரிசல். சூளை ஆறும்போது கிளேஸ் உள்ளிருக்கும் மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால் இப்படித்தான் வெடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியாது, எண்ணெய்க்குத் தெரியும். அந்த முறை வேறு ஒரு கிளேஸ் பொடி வாங்கிக் கலந்திருக்கிறார்கள். அடுத்த கலவையில் சிலிக்காவைக் கொஞ்சம் கூட்டினார். அதில் சுட்ட விளக்கிலும் மை ஊற்றினார். துடைத்ததும் வெள்ளையாக இருந்தது.

கும்பகோணத்துக்கு அந்தப் புதுச் சூளையிலிருந்து ஒரு விளக்கு போனது. கூடவே ஒரு வரி பதிலும்: "கிளேஸ் தப்பு எங்களோடதுதாங்க. இத ஏத்திப் பாருங்க." ஏற்றிப் பார்த்திருக்கிறார். உடனே ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாள் எரியவிட்டுச் சோதித்திருப்பார் போல.

டேபிளில் அந்த வரி இன்னும் இருக்கிறது. எண் 214. ஊர் கும்பகோணம். குறை: எண்ணெய் கசியுது. நிலை: வாபஸ். 61-ஆம் நாள்.